எல்லை என்பது வேலி இல்லை: லிமிட்டை முதன்முதலாகச் சொல்லிக்கொடுக்க ஒரு முழு வழிகாட்டி

நுண்கணிதம் ஆரம்பிக்கும் நாளில் பெரும்பாலான வகுப்புகளில் இதுதான் நடக்கிறது. பலகையில் லிம் (லிமிட், அதாவது எல்லை) என்று எழுதி, அதன் கீழே எக்ஸ் → 3 என்று ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ஒரு பின்னத்தை எழுதி, காரணிப்படுத்து, மேலும் கீழும் அடி, 3-ஐப் போடு, விடை 6 என்று முடித்துவிடுகிறோம். பிள்ளைகளும் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள், பத்துக் கணக்கு கொடுத்தால் பத்தும் சரியாகப் போடுகிறார்கள். அப்புறம் "இந்த 6 எதைச் சொல்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும்.

நான் +1 பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்கு எடுப்பவன். இந்த அமைதியைப் பல முறை பார்த்துவிட்டேன். ஒரு நாள் ஒரு மாணவி கேட்டாள்: "சார், எல்லைன்னா அதைத் தாண்டக் கூடாதுதானே? அப்போ இந்தச் சார்பு 6-ஐத் தாண்டி 6.01-க்கு எப்படிப் போச்சு?" அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, கோளாறு கணக்கில் இல்லை, நாம் வைத்திருக்கும் சொல்லில் இருக்கிறது. எல்லை என்றால் நமக்கு என்ன நினைவு வருகிறது? ஊர் எல்லை, எல்லைக்கல், எல்லைச்சாமி, "எல்லை மீறாதே" என்ற அதட்டல். அதாவது வேலி. அதனால் பிள்ளை மனதில் மூன்று எண்ணங்கள் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடுகின்றன: எல்லையைத் தாண்ட முடியாது, எல்லையைத் தொட முடியாது, எல்லை என்பது கடைசிப் புள்ளி. மூன்றும் தவறு. சொல்லை மாற்ற நமக்கு வழியில்லை, பாடநூலிலும் தேர்விலும் அதுதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் "எதை நோக்கிப் போகிறது" என்ற பொருளை வைக்கலாம். கீழே இருக்கும் படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

முதல் இரண்டு வகுப்புகளில் காரணிப்படுத்துவதைத் தொடவே வேண்டாம். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

படி 1: கிணற்றில் கல்லைப் போடுங்கள்

எல்லை எதற்கு வேண்டும் என்று தெரியாமல் எல்லையைக் கற்பிக்க முடியாது. 20 மீட்டர் ஆழமுள்ள ஒரு வறண்ட கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து ஒரு கல்லை வீசாமல், கையை மட்டும் விரித்து விடுகிறோம். டி விநாடிகளில் அது விழுந்திருக்கும் தூரம் 4.9 × டி² மீட்டர். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள், கேட்கிற பிள்ளை நிச்சயம் ஒன்று இருக்கும். 1 விநாடியில் 4.9 மீட்டர், 2 விநாடியில் 19.6 மீட்டர், அதற்குப் பிறகு தரை வந்துவிடும்.

இப்போது கேள்வி: சரியாக 1 விநாடி ஆன அந்தக் கணத்தில் கல்லின் வேகம் என்ன?

வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே ஒரு கணத்தில் போன தூரம் 0, எடுத்த நேரம் 0. 0/0. இங்கே கொஞ்சம் நில்லுங்கள், அவசரப்படாதீர்கள். சிலர் 0 என்பார்கள், சிலர் 1 என்பார்கள், சிலர் முடிவிலி என்பார்கள். மூன்றையும் பலகையில் எழுதுங்கள். பிறகு வகுத்தல் என்றால் என்ன என்பதற்கே திரும்பிப் போங்கள்: 12/4 = 3, ஏனென்றால் 4 × 3 = 12. 0/0 என்ன என்றால், 0-ஐ எதால் பெருக்கினால் 0 வரும்? 5 போட்டாலும் வரும், 17 போட்டாலும் வரும், எதைப் போட்டாலும் வரும். ஆக 0/0 நமக்கு எந்த எண்ணையும் தருவதில்லை, எந்த எண்ணையும் விலக்குவதும் இல்லை. இன்னும் தகவல் வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. பாடநூலில் பிறகு வரப்போகும் 'தேறப்பெறாத வடிவம்' என்ற பெயரின் பொருள் இங்கேயே பாதி புரிந்துவிடும்.

அந்தத் தகவலை எங்கே தேடுவது? பக்கத்தில். 1 விநாடியிலிருந்து 1.1 விநாடி வரை சராசரி வேகம் எவ்வளவு என்று பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லுங்கள். 10.29 வரும். 1.01 வரை எடுத்தால் 9.849. 1.001 வரை எடுத்தால் 9.8049. இனி மறுபக்கம்: 0.9 விநாடியிலிருந்து 1 வரை 9.31, 0.99-லிருந்து 9.751, 0.999-லிருந்து 9.7951. ஒரு பக்கம் இறங்கி வருகிறது, இன்னொரு பக்கம் ஏறி வருகிறது, இரண்டும் எங்கே போய்ச் சேரப் பார்க்கின்றன? இதை நீங்கள் சொல்லாதீர்கள். யாராவது ஒருவர் "9.8" என்று சொல்லும்வரை காத்திருங்கள், அந்தக் காத்திருப்புதான் இந்த வகுப்பில் நடக்கும் முக்கியமான வேலை.

9.8 என்பதை நாம் எந்த வகுத்தலிலும் விடையாகப் பெறவில்லை. எல்லா வகுத்தல்களும் அதைச் சுட்டிக் காட்டின, அவ்வளவுதான். அந்தச் சுட்டப்படும் எண்ணுக்குத்தான் எல்லை என்று பெயர். சொல் இப்போதுதான் முதல் முறையாகப் பலகைக்கு வர வேண்டும், பொருளுக்குப் பிறகு.

நேரம் இருந்தால் ஒரு சின்ன வரலாற்றையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குத் தெம்பு தரும். நியூட்டனும் லைப்னிட்சும் 17-ஆம் நூற்றாண்டிலேயே நுண்கணிதத்தை வைத்து வேலை செய்தார்கள். ஆனால் அந்த 'மிகச் சிறிய அளவு' சரியாக என்ன, அது பூஜ்யமா இல்லையா என்பதை அவர்களால் திருப்தியாகச் சொல்ல முடியவில்லை. 1734-இல் அயர்லாந்தின் ஆயரும் தத்துவவாதியுமான ஜார்ஜ் பார்க்லி இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். முதலில் பூஜ்யமில்லை என்று சொல்லி அதால் வகுக்கிறீர்கள், பிறகு பூஜ்யம் என்று சொல்லி அதைத் தூக்கிப் போடுகிறீர்கள், இவை என்ன மறைந்துபோன அளவுகளின் ஆவிகளா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1821-இல் எல்லையை அடித்தளமாக வைத்து எழுதியதும், பிறகு ஜெர்மன் கணிதவியலாளர் வையர்ஸ்ட்ராஸ் அதை இன்று நாம் பயன்படுத்தும் கறாரான வடிவத்துக்குக் கொண்டுவந்ததும்தான் அதற்குச் சரியான பதில். நூறு ஆண்டுகளுக்கு மேல் பெரிய மூளைகளைச் சிரமப்படுத்திய ஒரு கருத்து நாற்பது நிமிடப் பீரியடில் ஒரு பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் அந்தப் பிள்ளையிடம் குறை எதுவும் இல்லை.

படி 2: அட்டவணை போடுங்கள், ஆனால் அட்டவணையை நம்பிவிடாதீர்கள்

இப்போது ஒரு சார்பைக் கொடுக்கலாம்: (எக்ஸ்² − 9) / (எக்ஸ் − 3). எக்ஸ் 3 ஆக இருந்தால் 0/0. 2.9 போட்டால் 5.9, 2.99 போட்டால் 5.99, 3.01 போட்டால் 6.01, 3.1 போட்டால் 6.1. கைபேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த, 3-க்கு அருகில் உள்ள ஏதோ ஒரு எண்ணைப் போடட்டும், 2.973 போல ஒழுங்கில்லாத எண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. எல்லோருடைய விடையையும் பலகையில் குவித்தால் 6-ஐச் சுற்றி ஒரு கூட்டம் சேரும்.

அடுத்த நாளே இந்த முறையின் பலவீனத்தையும் காட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் 0.1, 0.01, 0.001 போட்டுப் பார்த்தால் போதும் என்ற பழக்கம் ஊறிவிடும். எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது சைன்(π/எக்ஸ்) எதை நெருங்குகிறது என்று கேளுங்கள். கோணம் ரேடியனில். 0.1 போட்டால் சைன்(10π), அதாவது 0. 0.01 போட்டால் சைன்(100π), அதுவும் 0. 0.001 போட்டாலும் 0. வகுப்பு முழுவதும் "எல்லை 0" என்று ஒரே குரலில் சொல்லும். இப்போது 0.3, 0.03, 0.003 போடச் சொல்லுங்கள். மூன்றுக்கும் −0.866 வரும். 0.4 போட்டால் 1. ஒரே இடத்தை நெருங்குகிறோம், ஆனால் எந்த வழியில் நெருங்குகிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு விடை வருகிறது. உண்மையில் இந்தச் சார்பு பூஜ்யத்துக்கு அருகே +1-க்கும் −1-க்கும் இடையே ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது, எதிலும் நிலைகொள்வதில்லை. எல்லை கிடையாது.

நான் இந்த உதாரணத்தைத் தவறவிடுவதே இல்லை. அட்டவணை ஒரு யூகத்தைத் தரும், உறுதியைத் தராது என்பதை இதைவிட நன்றாகச் சொல்லும் கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

படி 3: கட்டைவிரலால் மறையுங்கள்

வரைபடத்துக்கு வாருங்கள். (எக்ஸ்² − 9) / (எக்ஸ் − 3) என்பதன் வரைபடம் ஒரு நேர்கோடு, ஆனால் எக்ஸ் = 3 இருக்கும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. ஓட்டையை வெற்று வட்டமாகப் பெரிதாகவே போடுங்கள். இப்போது அந்த வட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துவிட்டு, "விரலுக்கு இடப்பக்கமிருந்து இந்தக் கோட்டில் நடந்து வந்தால் எந்த உயரத்துக்கு வந்து சேர்வீர்கள்? வலப்பக்கமிருந்து வந்தால்?" என்று கேளுங்கள். 6 என்பார்கள். விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியத் தேவைப்படவில்லை, கவனியுங்கள்.

அடுத்து, விரலுக்கு அடியில் இருப்பதை மாற்றுங்கள். முதலில் ஓட்டை. பிறகு எக்ஸ் = 3-இல் சார்பின் மதிப்பு 6 என்று வைத்து ஓட்டையை அடைத்துவிடுங்கள். பிறகு அந்தப் புள்ளியைப் பிடுங்கி மேலே 100-இல் கொண்டுபோய் வையுங்கள். ஒவ்வொரு முறையும் விரலால் மறைத்துவிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். மூன்று முறையும் விடை 6. சார்பின் மதிப்பு வேறு, எல்லை வேறு என்பதை இதற்கு மேல் வார்த்தையில் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் தங்கள் நோட்டில் தாங்களே விரல் வைத்துப் பார்க்கட்டும், தேர்வு அறையிலும் வரைபடக் கேள்வி வந்தால் சிலர் விரல் வைப்பதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

அந்த அம்புக்குறியை அறிமுகப்படுத்த இதுதான் சரியான இடம். பழைய நூல்களில் லிம் என்பதன் கீழே எக்ஸ் = 3 என்று சமக்குறி போட்டே எழுதினார்கள். அம்புக்குறியைப் பரவலாக்கியதில் நம் ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்ட அதே ஹார்டிக்குப் பெரிய பங்கு உண்டு, 1908-இல் வந்த அவருடைய பாடநூல் அப்படித்தான் எழுதியது. சமக்குறிக்கும் அம்புக்குறிக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தப் பாடம் முழுவதும்: எக்ஸ் 3-ஐ நோக்கிப் போகிறது, 3 ஆக இருப்பதில்லை. வாய்விட்டுப் படிக்கும்போதும் "எக்ஸ் மூன்றை நெருங்கும்போது" என்று முழுதாகப் படிக்கப் பழக்குங்கள்.

படி 4: இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்

வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் வரை 20 ரூபாய், ஒரு மணி நேரம் தாண்டினால் இரண்டு மணி வரை 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 59 நிமிடத்தில் வண்டியை எடுத்தால் 20. 59 நிமிடம் 59 விநாடியில் எடுத்தாலும் 20. சரியாக 1 மணிக்கும் 20. ஒரு விநாடி கூடினால் 40. ஒரு மணி நேரத்தை இடப்பக்கமிருந்து நெருங்கினால் எல்லை 20, வலப்பக்கமிருந்து நெருங்கினால் 40. இரண்டும் ஒத்துப்போகாததால் அந்த இடத்தில் எல்லை இல்லை.

இங்கே இரண்டு தவறான பதில்கள் வரும். ஒன்று, நடுவில் எடுத்து 30 என்பது. இன்னொன்று, சரியாக 1 மணிக்குக் கட்டணம் 20 தானே, அதனால் எல்லை 20 என்பது. முதலாவதற்கு: 30 ரூபாய் என்ற கட்டணமே அங்கே கிடையாது, எந்தப் பக்கமிருந்து போனாலும் அதை நெருங்குவதில்லை. இரண்டாவதற்கு: கட்டைவிரல்.

|எக்ஸ்| / எக்ஸ் என்பதும் பூஜ்யத்தில் இதே போலத்தான், ஒரு பக்கம் −1, மறுபக்கம் 1. இப்படித் தாவுவது எல்லை இல்லாமல் போக ஒரு காரணம். ஓயாமல் ஆடுவது இன்னொன்று, அதை சைன்(π/எக்ஸ்)-இல் பார்த்தாயிற்று. மூன்றாவது, 1/எக்ஸ்² பூஜ்யத்துக்கு அருகே செய்வதுபோல வரம்பில்லாமல் ஏறிக்கொண்டே போவது. இதற்கு "எல்லை முடிவிலி" என்று எழுதுவது வழக்கம், ஆனால் முடிவிலி ஓர் எண் இல்லை, எந்த எண்ணைச் சொன்னாலும் அதையும் தாண்டிப் போகிறது என்பதற்கான சுருக்கெழுத்து அது என்று சொல்லிவிடுங்கள்.

படி 5: வேலியை உடையுங்கள்

இந்தப் படி பாடநூலில் இருக்காது, ஆனால் எனக்கு இதுதான் உயிரான படி. தாண்ட முடியாது, தொட முடியாது என்ற இரண்டு எண்ணங்களையும் வெளிப்படையாக எடுத்துப் பேசி உடைக்க வேண்டும், தானாகப் போய்விடும் என்று விட்டால் போகாது.

தாண்ட முடியாது என்பதை உடைக்க மாதவரின் தொடர் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராம மாதவரின் பெயரால் அறியப்படும் தொடர் இது, ஐரோப்பாவில் கிரிகோரியும் லைப்னிட்சும் இதே முடிவுக்கு வந்தது 1670-களில்தான். π = 4 − 4/3 + 4/5 − 4/7 + 4/9 − ... என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வோர் உறுப்பாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்: 4, பிறகு 2.667, பிறகு 3.467, பிறகு 2.895, பிறகு 3.340. π என்பது 3.1416 அளவில் இருக்கிறது. முதல் எண் அதற்கு மேலே, அடுத்தது கீழே, அடுத்தது மேலே. ஒவ்வோர் அடியிலும் எல்லையைத் தாண்டுகிறது! தாண்டித் தாண்டியே நெருங்குகிறது. மிக மெதுவாகத்தான் நெருங்கும், ஆனால் நெருங்கும். ஒரு காகிதத்தில் π உயரத்தில் ஒரு கோடு போட்டு இந்த எண்களைப் புள்ளிகளாக வைத்தால் ஊஞ்சல் ஓய்வதுபோலத் தெரியும்.

தொட முடியாது என்பதை உடைக்க இன்னும் எளிது. எப்போதும் 5 என்ற மதிப்பையே தரும் மாறிலிச் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தை நெருங்கினாலும் அதன் எல்லை 5, அது எப்போதும் 5-லேயே உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் முதலில் இதை ஒரு ஏமாற்று வேலையாகத்தான் பார்ப்பார்கள். எல்லைக்கு நாம் கேட்பது ஒன்றே ஒன்று, விரும்பிய அளவுக்கு அருகில் வந்து அங்கேயே தங்க வேண்டும். 5-லேயே இருப்பவனைவிட 5-க்கு அருகில் இருப்பவன் யார்?

இதே வகுப்பில் 0.999... பற்றிய கேள்வி வந்தே தீரும். "சார், அது 1-ஐ நெருங்குது, ஆனா 1 இல்ல." 0.9, 0.99, 0.999 என்ற வரிசை 1-ஐ நெருங்குகிறது, அந்த வரிசையில் எந்த எண்ணும் 1 இல்லை, இதுவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் மூன்று புள்ளி வைத்து எழுதும் 0.999... என்பது அந்த வரிசையின் எல்லைக்கு நாம் வைத்த பெயர். எல்லை 1. ஆகவே அது 1 தான். நம்பாதவர்களிடம் 1/3 = 0.333... என்பதை ஏற்கிறீர்களா என்று கேட்டு, இரண்டு பக்கமும் 3-ஆல் பெருக்கச் சொல்லுங்கள்.

படி 6: இப்போது இயற்கணிதம்

இனி காரணிப்படுத்தலாம். ஆனால் அடிக்கும்போது என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். (எக்ஸ்² − 9) / (எக்ஸ் − 3) என்பதும் எக்ஸ் + 3 என்பதும் ஒரே சார்பு இல்லை. முதலாவதற்கு 3-இல் மதிப்பே கிடையாது, இரண்டாவதற்கு உண்டு. மற்ற எல்லா இடத்திலும் இரண்டும் ஒன்று. எல்லைக்கு 3-இல் நடப்பது தேவையில்லை, சுற்றிலும் நடப்பதுதான் தேவை. அதனால்தான் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கிறது. பார்க்லி கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில்: எக்ஸ் − 3 இங்கே எந்தக் கட்டத்திலும் பூஜ்யமாக இல்லை, அதனால் தாராளமாக வகுக்கலாம்.

எழுதும் முறையில் ஒன்றைக் கறாராகக் கேளுங்கள். எல்லையை எடுத்து முடிக்கும்வரை ஒவ்வொரு வரியிலும் லிம் இருக்க வேண்டும், எண்ணைப் பிரதியிட்ட வரியில் அது போய்விட வேண்டும். பாதிப் பிள்ளைகள் இரண்டாவது வரியிலேயே லிம்மை விட்டுவிடுவார்கள், சிலர் 0/0 = 6 என்றே எழுதுவார்கள். இதைச் சின்னத் தவறு என்று விட்டுவிடாதீர்கள். லிம்மை விட்டவர் தான் எதைக் கணக்கிடுகிறார் என்பதையும் விட்டுவிட்டார்.

வர்க்கமூலம் வரும் கணக்குக்கு (√(எக்ஸ்² + 9) − 3) / எக்ஸ்² நல்லது. எக்ஸ் பூஜ்யத்தை நெருங்குகிறது. தொகுதியையும் பகுதியையும் √(எக்ஸ்² + 9) + 3 என்பதால் பெருக்கினால், மேலே எக்ஸ்² மட்டும் மிஞ்சும், அது கீழே உள்ள எக்ஸ்²-உடன் அடிபட்டு 1 / (√(எக்ஸ்² + 9) + 3) என்று ஆகும். எல்லை 1/6. இப்போது பிள்ளைகளை சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டரில் எக்ஸ் = 0.00000001 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 0 என்று காட்டும்! எக்ஸ்²-ஐ 9-உடன் கூட்டும்போது அது கால்குலேட்டர் வைத்துக்கொள்ளும் இலக்கங்களுக்கு அப்பால் போய்விடுகிறது, அதனால் அதற்கு 9 வெறும் 9 தான், மூலம் 3, கழித்தால் 0. மேலும் மேலும் நெருங்கிப் போட்டால் இன்னும் சரியாக வரும் என்ற நம்பிக்கையை இது உடைக்கும். இயற்கணிதம் எதற்கு என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

கூட்டல், பெருக்கல், வகுத்தலுக்கான எல்லை விதிகளைப் பட்டியலாகக் கொடுத்து வேகமாகக் கடந்துவிடலாம், அவை பிள்ளைகள் எதிர்பார்க்கிறபடியேதான் இருக்கும். வகுத்தலில் மட்டும் பகுதியின் எல்லை பூஜ்யமாக இருக்கக் கூடாது.

படி 7: சைன் எக்ஸ் / எக்ஸ்

இதில் காரணிப்படுத்த எதுவும் இல்லை, அதுதான் இதன் அழகு. முதலில் கால்குலேட்டர்: 0.1 போட்டால் 0.99833, 0.01 போட்டால் 0.99998. நான்கைந்து பேருக்கு மட்டும் 0.01745 என்று வரும். அவர்கள் கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறது. அவர்களைத் திருத்துவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள், அவர்களுடைய விடையும் ஓர் உண்மைதான்: டிகிரியில் அளந்தால் எல்லை π/180, அதன் மதிப்பு 0.01745. நுண்கணிதத்தில் ஏன் எல்லோரும் ரேடியனையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள் என்ற கேள்விக்கு இதுவே பதில். ரேடியனில்தான் அந்த எல்லை சுத்தமாக 1 ஆகிறது.

நிறுவ, ஆரம் 1 உள்ள ஒரு வட்டம் வரையுங்கள். கோணம் எக்ஸ். உள்ளே ஒரு முக்கோணம், அதன் பரப்பு சைன் எக்ஸ்-இல் பாதி. அதைவிடப் பெரிய வட்டக்கோணப் பகுதி, பரப்பு எக்ஸ்-இல் பாதி. அதையும் உள்ளடக்கிய வெளி முக்கோணம், பரப்பு டேன் எக்ஸ்-இல் பாதி. மூன்றையும் வரிசையில் வைத்து, சைன் எக்ஸ்-ஆல் வகுத்து, தலைகீழாக்கினால், சைன் எக்ஸ் / எக்ஸ் என்பது காஸ் எக்ஸ்-க்கும் 1-க்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். எக்ஸ் பூஜ்யத்தை நெருங்கும்போது காஸ் எக்ஸ் 1-ஐ நோக்கிப் போகிறது, நடுவில் இருப்பதற்கு வேறு போக்கிடம் இல்லை. சாண்ட்விச் தேற்றம் என்ற பெயரை இங்கேதான் சொல்ல வேண்டும். படத்தை நீங்கள் வரைந்து காட்டுவதைவிட, மூன்று பரப்புகளையும் மூன்று நிறத்தில் அவர்களையே தீட்டச் செய்வது நல்லது.

டியூஷனில் முன்கூட்டியே லோபிதால் விதி படித்த பிள்ளை ஒன்று "தொகுதியையும் பகுதியையும் வகையிட்டால் ஒரே வரியில் முடியுமே" என்று சொல்லும். சைனின் வகைக்கெழு காஸ் என்று நிறுவுவதற்கே இந்த எல்லை தேவைப்படுகிறது, ஆகவே அது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது என்று அன்பாக எடுத்துச் சொல்லுங்கள்.

படி 8: வெகுதூரத்தில்

எக்ஸ் முடிவிலியை நோக்கிப் போகும்போது (3எக்ஸ்² + 5எக்ஸ்) / (எக்ஸ்² + 1). 10 போட்டால் 3.465, 100 போட்டால் 3.050, 1000 போட்டால் 3.005. மேலும் கீழும் எக்ஸ்²-ஆல் வகுத்தால் காரணம் தெரிந்துவிடும். இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஆனால் கூடவே சைன் எக்ஸ் / எக்ஸ்-ஐயே மறுபடி எடுத்து, இந்த முறை எக்ஸ் முடிவிலிக்குப் போகட்டும் என்று கேளுங்கள். எல்லை 0, ஆனால் வரைபடம் அந்த 0 கோட்டை எண்ணற்ற முறை வெட்டிக்கொண்டே போகும். தொலைதொடுகோட்டை (வளைவரை வெகுதூரத்தில் நெருங்கிக்கொண்டே போகும் கோட்டை) வளைவரை வெட்டவே கூடாது என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து யாரோ சொல்லி வைத்திருப்பதை இது சரிசெய்யும்.

படி 9: லேத் பட்டறையில் எப்சிலான்

பலர் இந்தப் படியையே விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் நிறுவல் எழுதச் சொல்லி வதைக்க வேண்டியதில்லை, ஆனால் கருத்தை விடக் கூடாது என்பது என் எண்ணம். 'நெருங்குகிறது' என்ற சொல்லையே இத்தனை நாள் பயன்படுத்திவிட்டோம், அதற்குச் சரியான பொருள் என்ன என்று ஒரு நாளாவது சொல்ல வேண்டாமா?

லேத் பட்டறைக்குப் போனவர்களுக்கு டாலரன்ஸ் என்ற சொல் தெரியும், அளவில் எவ்வளவு தவறலாம் என்பதுதான் அது. 10 சென்டிமீட்டர் பக்கம் உள்ள சதுரத் தகடு வெட்ட வேண்டும், பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வர வேண்டும். வாங்குபவர் சொல்கிறார்: "பரப்பு 1 கூடலாம், 1 குறையலாம், அதற்கு மேல் தவறக் கூடாது." அப்படியானால் பக்கத்தில் எவ்வளவு தவறலாம்? கணக்குப் போட்டால், பக்கம் 10-லிருந்து 0.049-க்குள் இருந்தால் போதும். அடுத்த நாள் அதே ஆள் வந்து "0.1-க்குள் வேண்டும்" என்கிறார். பட்டறைக்காரர் 0.0049-க்குள் வெட்டித் தருகிறேன் என்கிறார். வாங்குபவர் எவ்வளவு கறாராகக் கேட்டாலும் பட்டறைக்காரரிடம் ஒரு பதில் இருந்தால், பக்கம் 10-ஐ நெருங்கும்போது பரப்பின் எல்லை 100.

வாங்குபவர் கேட்கும் அளவுதான் எப்சிலான். பட்டறைக்காரர் பதிலுக்குச் சொல்வதுதான் டெல்டா. வரிசையைக் கவனியுங்கள், கேட்பவர் முதலில், பதில் சொல்பவர் பிறகு. பிள்ளைகள் குழம்புவது எல்லாம் இந்த வரிசையில்தான். இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்ல வைத்தால் பத்தே நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஒரு பொதுப் பதிலையும் கண்டுபிடிக்கக் கொடுங்கள்: பக்கம் 10-லிருந்து 1-க்கு மேல் விலகாத வரை, பரப்பில் வரும் தவறு பக்கத்தில் வரும் தவறைப் போல 21 மடங்குக்கு மேல் போகாது, ஆகவே எப்சிலானை 21-ஆல் வகுத்ததை டெல்டாவாக வைத்தால் போதும், அது 1-ஐத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வண்டி நிறுத்துமிடத்துக்குத் திரும்புங்கள். அங்கே வாங்குபவர் "5 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்" என்று கேட்டால் எந்த டெல்டாவும் உதவாது. ஒரு மணிக்கு எவ்வளவு அருகில் போனாலும் ஒரு பக்கம் 20, மறுபக்கம் 40. எந்த ஒரு எண்ணாலும் இரண்டுக்கும் 5 ரூபாய் தூரத்துக்குள் நிற்க முடியாது.

படி 10: பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள்

தொடர்ச்சி இப்போது ஒரே வரியில் வந்துவிடும்: விரலை எடுத்துப் பார்த்தால், நீங்கள் எதிர்பார்த்த இடத்திலேயே புள்ளி இருக்கிறது. எல்லை இருக்கிறது, மதிப்பு இருக்கிறது, இரண்டும் ஒன்று.

புரிந்ததா என்று சோதிக்கக் கணக்குகளைவிட வரைபடங்களைத்தான் நான் நம்புகிறேன். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: எக்ஸ் = 2-இல் மதிப்பு 5, ஆனால் எல்லை 3, அப்படி ஒரு சார்பை வரை. எக்ஸ் = 4-இல் இடப்பக்க எல்லை 1, வலப்பக்க எல்லை 2, மதிப்பு 2, அப்படி ஒன்று. எக்ஸ் = 0-இல் எல்லை 7, ஆனால் மதிப்பே இல்லை. கடைசியாக, எக்ஸ் முடிவிலிக்குப் போகும்போது எல்லை 1, ஆனால் 1-ஐ எண்ணற்ற முறை வெட்டிக்கொண்டு போக வேண்டும். சூத்திரம் வேண்டாம், பென்சில் கோடு போதும்.

தாள்களைத் திருத்தும்போது முதலில் அந்தக் கடைசிப் படத்தைப் பாருங்கள். வளைவரை 1-க்குக் கீழேயே பதுங்கிக்கொண்டு, தொடாமல், தாண்டாமல் போகிறது என்றால் அந்தப் பிள்ளையின் மனதில் வேலி இன்னும் நிற்கிறது. மாதவரின் எண்களைக் கையில் கொடுத்து, படி 5-இலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.